காலியாகத் தெரியும் நேரம்

(நெய்க்காரப்பட்டியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னஞ்சலில் வரும் கூட்ட அழைப்புகளை ஸ்கிரிப்ட் எழுதிக் கையாள்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணக்கு டீச்சர். கணினி அறிவியல் படித்தவள் இல்லை. சொந்தத் தேவைக்காக ஒரு சிறிய நிரல் எழுதினேன். அது ஒருமுறை என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டது. பிறகு அதைத் திருத்தினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கதையோடு சேர்த்து, நீங்களும் இதைச் செய்து பார்ப்பதற்கான வழியையும் சொல்கிறேன்.

இணையவழிப் பயிற்சி, ஆய்வுக் கூட்டம், மன்றப் பொறுப்பாளர் கூட்டம் என்று நமக்குக் கூட்டங்கள் குறைவில்லை. பெரும்பாலான தகவல் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆனால் கூகுள் மீட் வழியாக நடக்கும் கூட்டங்களுக்கு மின்னஞ்சலில் அழைப்பு வருவதும் உண்டு. அந்த அஞ்சலைத் திறந்தால் அடியில் 'ஆம்', 'இல்லை', 'ஒருவேளை' என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். நம்மில் பலர் அதைத் தொடுவதே இல்லை. கூட்டத்துக்கு அழைத்தவரோ யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பொத்தான் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். அந்தக் காலத்தில் தபால் நிலையத்தில் ரிப்ளை கார்டு விற்பார்கள். மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். நாம் எழுதும் அட்டையோடு பதில் எழுதுவதற்கான அட்டையும் ஒட்டியே இருக்கும். கூட்ட அழைப்பும் அதே மாதிரிதான். கண்ணுக்குத் தெரியும் கடிதத்தோடு 'ஐகேலண்டர்' என்ற வகைக் கோப்பு ஒன்றும் சேர்ந்து வருகிறது. இதற்கான பொது விதிமுறை 1998-ல் வெளியானது, 2009-ல் திருத்தப்பட்டது. ஜிமெயில், அவுட்லுக், ஆப்பிள் கைபேசி எல்லாமே இந்த ஒரே விதியைப் படிப்பதால்தான், ஒரு நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து போகும் அழைப்பு இன்னொன்றில் சரியாகத் திறக்கிறது.

அந்தக் கோப்பில் இருப்பவை எளிய வரிகள்தாம். கூட்டத்துக்கு ஓர் அடையாள எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அழைப்பவர், அழைக்கப்பட்டவர்கள் ஆகியவை இருக்கும். ஒவ்வொருவர் பெயரோடும் அவருடைய நிலையும் இருக்கும்: பதில் தரவில்லை, ஏற்றார், மறுத்தார், ஒருவேளை வரலாம். நாம் 'ஆம்' என்று அழுத்தினால் அந்த நிலை மாறி அழைத்தவருக்குப் போய்ச் சேரும். கூட்டம் ரத்தானால் அதே அடையாள எண்ணோடு ரத்துச் செய்தி வரும். எந்தக் கூட்டம் ரத்தாகிறது என்று மென்பொருள் அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

இதில் வகுப்பறைக்கு எடுத்துப்போக ஒரு செய்தி உண்டு. பல அழைப்புகளில் நேரம் உலகப் பொதுநேரத்தில் எழுதப்பட்டிருக்கும். பிற்பகல் 3 மணிக் கூட்டம் கோப்பில் 09:30 என்றிருக்கும். பின்னால் 'இசட்' என்ற ஆங்கில எழுத்து நிற்கும். நம் திட்டநேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 15 பாகைக்கு ஒரு மணி நேரம். 82½-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. ஒன்பதரையோடு ஐந்தரையைக் கூட்டினால் பிற்பகல் 3 மணி. சமூக அறிவியல் ஆசிரியர் நடத்தும் தீர்க்கரேகைப் பாடம் நம் அஞ்சல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளைகளிடம் காட்டுங்கள். "இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

இப்போது ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். ஜிமெயில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற வசதி இலவசமாகக் கிடைக்கிறது. 2009 முதல் இருக்கிறது. எழுதும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். உலாவியிலேயே எழுதி, உலாவியிலேயே ஓட்டலாம். நம் நாட்காட்டியைத் திறந்து பார்க்க, அஞ்சல் அனுப்ப, கூகுள் ஷீட்டில் எழுத அதற்குக் கட்டளைகள் உண்டு. 'ட்ரிகர்' என்று ஒன்றை வைத்தால் தினமும் குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓடும். கணினியில் கிளாசிக் அவுட்லுக் வைத்திருப்பவர்கள் இதே வேலையை விபிஏ மேக்ரோவில் செய்யலாம். அங்கே அழைப்பிலிருந்து அதற்குரிய நாட்காட்டிப் பதிவை எடுத்து, பதிலை உருவாக்கி, 'அனுப்பு' என்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டளையை விட்டுவிட்டால் பதில் போகாது.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் பத்துப் பதினைந்து வரிதான். அது செய்த வேலை: அடுத்த 14 நாள்களின் பதிவுகளை எடு. ஒவ்வொன்றிலும் 'கெட் மை ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையால் என் நிலையைப் பார். இன்னும் பதில் தராத அழைப்பு என்றால், அந்த நேரத்தில் வேறு பதிவு இருக்கிறதா என்று பார். இருந்தால் 'இல்லை' என்று பதில் போடு. இல்லாவிட்டால் 'ஆம்' என்று பதில் போடு. அதற்குக் கட்டளை 'செட் மை ஸ்டேட்டஸ்'. முடிந்தது.

ஓட்டிப் பார்த்தேன். எல்லா அழைப்புக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டது! காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது ஆனது. கூகுள் காலண்டரில் நாம் பதில் தருவதற்கு முன்பே அழைப்பு நாட்காட்டியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே 'மூன்று மணிக்கு ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டால் அந்த அழைப்பே 'நான் இருக்கிறேன்' என்கிறது. தன்னோடு தானே மோதுகிறது. அடையாள எண்ணை ஒப்பிட்டு 'அதே பதிவாக இருந்தால் கணக்கில் சேர்க்காதே' என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. அடுத்து, முழுநாள் பதிவுகள். தைப்பூசம் என்று நாட்காட்டியில் குறித்து வைத்தால் அது நாள் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பிறந்தநாள் குறிப்பும் அப்படித்தான். 'முழுநாள் பதிவா?' என்று கேட்டு அதையும் விலக்கினேன்.

எல்லாம் சரியாக ஓடியது. இரவு 2 மணிக்கு ஓடும்படி ட்ரிகர் வைத்தேன். காலையில் எழுந்தால் எல்லா அழைப்புக்கும் பதில் போயிருக்கும். ஒரு மாதம் பெருமையாகத்தான் இருந்தேன்.

ஒரு புதன்கிழமை மாலை. பள்ளி விட்டு வெளியே வரும்போது என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். காட்டு வேலைக்குப் போகிறவர். "டீச்சர், நாளைக்கு மூணு மணிக்கு வந்தா உங்களப் பாக்கலாமுங்களா? கொஞ்சம் பேசணுங்க" என்றார். வியாழக்கிழமை அந்த நேரத்தில் எனக்கு வகுப்பில்லை. "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடித்தேன். எதிலும் குறித்துவைக்கவில்லை.

அன்று இரவு 2 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. வியாழன் 3 மணிக்கு ஓர் இணையவழிக் கூட்டம். நாட்காட்டியில் அந்த நேரம் காலி. 'ஆம்' என்று போட்டுவிட்டது. காலையில் பார்த்தேன். சம்மதம் போய்விட்டது, இனிக் கலந்துகொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தேன். மூன்று மணிக்குக் கணினி அறையில் போய் உட்கார்ந்தேன்.

அந்த அம்மா வந்திருக்கிறார். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். டீச்சர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நான் வெளியே வந்தபோது மணி நாலேகால். எனக்கு அவர் நினைவே வரவில்லை. மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் சுருக்கென்றது.

சனிக்கிழமை இன்னொரு ஆசிரியையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்ணைத் திருப்பூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பி, பனியன் கம்பெனியில் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு மனமில்லை. "அதத்தானுங்க உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன். நீங்க மீட்டிங்ல இருக்கறதா சொன்னாங்க. சரி, நம்ம நேரம்னு வந்துட்டனுங்க" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேசினோம். அப்பாவிடமும் பேசினோம். திங்கள்கிழமை அவள் வந்துவிட்டாள்; இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இதை என் சாதனையாகச் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை வேறு வேலை வந்து நான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தப்பு ஸ்கிரிப்டுடையதா? இல்லை. மறந்தது நான். ஆனால் மறப்பதற்கு வசதி செய்து கொடுத்தது அந்த ஸ்கிரிப்ட். முன்பெல்லாம் 'ஆம்' என்று அழுத்துமுன் ஒரு நொடி யோசிப்பேன்: 'நாளை மூன்று மணிக்கா? யாரையோ வரச்சொன்னோமே?' அந்த ஒரு நொடியைத்தான் நான் மிச்சம் பிடித்திருந்தேன்.

நாட்காட்டியில் காலியாகத் தெரியும் நேரம் வேலையில்லாத நேரம் அல்ல. நாம் எழுதிவைக்காத நேரம், அவ்வளவுதான். ஓர் ஆசிரியருக்கு மிக முக்கியமான கூட்டங்கள் மின்னஞ்சலில் வருவதில்லை. வாசலில் நின்று, தயங்கித் தயங்கிக் கேட்கும் குரலாக வருகின்றன. ஸ்கிரிப்டுக்கு அந்தக் குரல் கேட்காது.

அந்த ஸ்கிரிப்டை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை, மாற்றி எழுதினேன். இப்போது எப்படி இருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில், ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது. வகுப்புக் கால அட்டவணையை வாரந்தோறும் திரும்ப வரும் பதிவுகளாக நாட்காட்டியில் ஏற்றுங்கள். அரைமணி நேர வேலைதான். பெற்றோர் யாராவது நேரம் கேட்டால் அந்த இடத்திலேயே கைபேசியை எடுத்துக் குறியுங்கள். நான் அவர்கள் முன்னாலேயே குறிக்கிறேன். 'டீச்சர் நம்ம பேரை எழுதிக்கறாங்க' என்பதே அவர்களுக்கு ஒரு மரியாதை. வாட்ஸ்அப்பில் வரும் கூட்டத் தகவலையும் கையால் ஏற்றிவிடுங்கள். இவை இல்லாமல் ஸ்கிரிப்ட் எழுதினால் அது குருடன் கையில் விளக்குக் கொடுத்த கதைதான்.

இரண்டாவது, ஸ்கிரிப்ட் இப்போது யாருக்கும் பதில் போடுவதில்லை. 'செட் மை ஸ்டேட்டஸ்' என்ற வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, காலையில் எனக்கே ஓர் அஞ்சல் அனுப்புகிறது. அதில் மூன்று பகுதிகள். மோதல் இல்லாத அழைப்புகள், மோதும் அழைப்புகள், தெரியாதவர் அனுப்பியவை. மோதும் அழைப்பு என்றால் எதனோடு மோதுகிறது என்பதையும் எழுதும்: '9ஆ வகுப்பு, கணக்கு' என்றோ, 'மாணவியின் அம்மா' என்றோ. அன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்பதும் கீழே இருக்கும். தேநீர் குடிக்கும் நேரத்தில் படித்துவிட்டு நானே பொத்தானை அழுத்துகிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.

மூன்றாவது, பயண நேரம். பழனியில் 11 மணிக்குக் கூட்டம், இங்கே 10.50 வரை வகுப்பு என்றால் நாட்காட்டியின் கணக்கில் மோதலே இல்லை. பேருந்தில் போகிறவருக்குத் தெரியும், அது முடியாது என்று. ஆகவே இடம் குறிப்பிட்ட அழைப்பாக இருந்தால், தொடங்கும் நேரத்துக்கு முன் முக்கால் மணியும் முடிந்தபின் முக்கால் மணியும் சேர்த்துத் தேடச் சொல்லியிருக்கிறேன். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் அந்த எண்ணை நானே கூட்டிவைப்பேன். பாதயாத்திரைக் கூட்டம் சாலையை நிறைக்கும் காலத்தில் முக்கால் மணி போதாது.

நான்காவது, தெரியாதவர் அழைப்பு. மோசடி ஆட்கள் நாட்காட்டி அழைப்பாகவும் வலை வீசுகிறார்கள். 'பரிசு விழுந்திருக்கிறது', 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்றெல்லாம் கூட்டத் தலைப்பு வரும். அதற்குத் தானாகப் பதில் போனால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகும். எனவே எனக்குத் தெரிந்த முகவரிகளை ஒரு கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறேன். அதில் இல்லாதவர் அழைத்தால் ஸ்கிரிப்ட் தனியே பிரித்துக் காட்டும். கூகுள் காலண்டர் அமைப்புகளிலும் 'அனுப்புநர் தெரிந்தவராக இருந்தால் மட்டும் சேர்' என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவைப்பது நல்லது.

ஐந்தாவது, திரும்பத் திரும்ப வரும் கூட்டங்கள். ஒவ்வொரு வெள்ளியும் நடக்கும் கூட்டம் என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எல்லா வெள்ளிக்கும் ஒரே அடையாள எண்ணைத்தான் காட்டும். அடையாள எண்ணை மட்டும் நம்பி 'ஏற்கெனவே பார்த்தாயிற்று' என்று எழுதினால் இரண்டாவது வாரம் முதல் விட்டுப்போகும். எண்ணோடு தேதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

ஆறாவது, இரண்டு எச்சரிக்கைகள். ப்ராஜெக்ட் அமைப்பில் நேர வலயம் 'ஆசியா - கொல்கத்தா' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அஞ்சலில் நேரம் மாறி வரும். அடுத்து, முதல்முறை ஓட்டும்போது நாட்காட்டியையும் அஞ்சலையும் தொட அனுமதி கேட்கும். 'சரிபார்க்கப்படாத செயலி' என்று பயமுறுத்தும். நீங்களே எழுதியது என்றால் பயமில்லை. ஆனால் யாரோ குழுவில் பகிர்ந்த ஸ்கிரிப்டை வரிவரியாகப் படிக்காமல் அனுமதி கொடுக்காதீர்கள். நான் கொடுத்தாலும் படித்துவிட்டுக் கொடுங்கள். அந்த அனுமதி உங்கள் அஞ்சல் பெட்டியின் சாவி.

மறுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் அரசு ஊழியர்கள். கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆணை வந்தால் நாட்காட்டியில் 'இல்லை' என்று அழுத்துவது விடுப்பு அனுமதி ஆகாது. மோதல் இருந்தால் தலைமையாசிரியரிடம் நேரில் சொல்ல வேண்டும். அழைத்தவருக்குத் தொலைபேசியில் காரணம் சொல்ல வேண்டும். "அந்த நேரத்தில் பெற்றோர் ஒருவர் வருகிறார், இருபது நிமிடம் தாமதமாக இணையலாமா?" என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கேட்டபோதெல்லாம் "சரி" என்றுதான் பதில் வந்தது. நாம் கேட்பதில்லை என்பதுதான் உண்மை. இயந்திரம் அனுப்பும் 'இல்லை'யில் காரணம் இருக்காது. காரணம் இல்லாத மறுப்பு அலட்சியம் போலத் தெரியும்.

கடைசியாக, நாம் அழைக்கும் இடத்தில் இருக்கும்போது என்ன செய்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அவர்களில் பலருக்கு நாட்காட்டி அழைப்பு எதுவும் போகப்போவதில்லை. பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறோம், துண்டுச்சீட்டு கொடுக்கிறோம், கைபேசியில் கூப்பிடுகிறோம். அவர்கள் 'வர்றேனுங்க' என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒருநாள் கூலிக் கணக்கு இருக்கிறது. நம்முடைய 'ஆம்' பொத்தானுக்குப் பின்னால் அவ்வளவு இழப்பு இருப்பதில்லை. ஆகவே அவர்களுக்குக் கொடுத்த நேரத்தை நம் நாட்காட்டியில் முதல் வரியாக எழுதுவோம்.

ஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளுங்கள். பிரித்துக் கொடுக்கும், நினைவூட்டும், மோதலைச் சுட்டிக்காட்டும். நம்மிடம் இல்லாத பொறுமை அதற்கு உண்டு. 'வருகிறேன்' என்ற வார்த்தையை மட்டும் நாமே சொல்வோம்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் கணினி அறைக்கு வருகிறவர்களுக்கு ஸ்கிரிப்டை வரிவரியாகக் காட்டுகிறேன். நாலரை மணி வரை இருப்பேன். அதன்பிறகு ஓர் அப்பாவை வரச்சொல்லியிருக்கிறேன். நாட்காட்டியில் எழுதியிருக்கிறது.